எட்டு பை வர்க்கத்தின் கணக்கு

என்ன வேலை செய்கிறாய் என்று உறவினர்கள் கேட்டால் "கணக்கு வாத்தியார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் துருவுகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஒரு சமன்பாட்டின் தீர்வுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறோம். போகப் போக அதிலிருந்து ஏதோ ஒன்று தொலைகிறது. எங்கே தொலைந்தது, எவ்வளவு தொலைந்தது என்று பார்ப்பது என் வேலை. "தொலைஞ்சது திரும்பக் கிடைக்குமா?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். "கிடைக்காது பெரியப்பா. ஆனா எவ்வளவுன்னு ஒரு பைசா பிசகாமச் சொல்லிடலாம்" என்றேன். அதற்கா சம்பளம் தருகிறார்கள் என்பதுபோல் பார்த்தார்.

சமன்பாடு இயற்பியலிலிருந்து வந்தது. 1954-இல் யாங்கும் மில்ஸும் மின்காந்தப் புலக் கோட்பாட்டை விரித்து, எண்கள் இருந்த இடத்தில் அணிகளை வைத்து ஒரு கோட்பாடு எழுதினார்கள். கணிதக்காரர்கள் அதைத் தங்கள் வழியில் படித்தார்கள். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறிய வெக்டர் வெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு புள்ளியில் உள்ள வெக்டரைப் பக்கத்துப் புள்ளிக்கு எப்படி எடுத்துச் செல்வது என்று சொல்லும் விதிக்குக் கனெக்‌ஷன் என்று பெயர். ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரும்போது வெக்டர் பழைய திசையில் இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தால், அந்தத் திருப்பம்தான் வளைவு. வளைவின் வர்க்கத்தை வெளி முழுவதும் தொகையிட்டால் கிடைப்பது ஆற்றல்.

நான்கு பரிமாணத்தில் மட்டும் வளைவு தானாகவே இரண்டு பாதிகளாகப் பிரியும். அதில் ஒரு பாதி எல்லா இடத்திலும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் சமன்பாடு. அதன் தீர்வுகள் இன்ஸ்டன்டான்கள். எஸ்யூ(2) என்ற குலத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால், காம்பாக்டான வெளியில் தீர்வின் ஆற்றல் 8 பை வர்க்கத்தின் முழு எண் மடங்காகத்தான் இருக்கும். அந்த முழு எண்ணை கே என்று அழைக்கிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நிலத்தை இரண்டு சர்வேயர்கள் ஆளுக்கொரு கல்லிலிருந்து அளந்தால் புலப்படத்தில் எண்கள் வேறு வேறாக இருக்கும், நிலம் ஒன்றுதான். எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்ற அந்தத் தேர்வுதான் கேஜ், அதுவும் இங்கே ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாக. கேஜ் வித்தியாசத்தைத் தள்ளிவிட்டு, உண்மையிலேயே வேறான தீர்வுகளை மட்டும் புள்ளிகளாகத் திரட்டினால் வருவது மாடுலை வெளி.

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில் என் நெறியாளர் கொடுத்த முதல் வேலை ஒரு கைக்கணக்கு. 1975-இல் பெலாவின், பொல்யகோவ், ஷ்வார்ட்ஸ், ட்யூப்கின் நால்வரும் கண்டுபிடித்த தீர்வை எடுத்துக்கொண்டு, அதன் ஆற்றல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அந்தத் தீர்வில் ஒரு மையம் உண்டு, லாம்டா என்று ஒரு நீளம் உண்டு. மையத்திலிருந்து ஆர் தொலைவில் ஆற்றலின் அடர்த்தி எவ்வளவு? லாம்டா வர்க்கத்தையும் ஆர் வர்க்கத்தையும் கூட்டி, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, லாம்டாவின் நான்காம் அடுக்கை அதனால் வகுத்து, 48-ஆல் பெருக்க வேண்டும். வெளி முழுவதும் தொகையிட்டால் 8 பை வர்க்கம் வருகிறது. லாம்டா விடையில் இல்லை. லாம்டா ஆரமுள்ள பந்துக்குள் மட்டும் தொகையிட்டால் 4 பை வர்க்கம், சரிபாதி. லாம்டா ஒரு கிலோமீட்டரானாலும் ஒரு மில்லிமீட்டரானாலும் அதே சரிபாதி. "இதை மனசுல வெச்சுக்கோ. மத்ததெல்லாம் இதோட வியாக்கியானம்" என்றார்.

லாம்டாவைப் பூஜ்யத்தை நோக்கி இறக்கிப் பாருங்கள். மையத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் புலம் தேய்ந்து மறைகிறது. எல்லையில் மிஞ்சுவது வளைவே இல்லாத கனெக்‌ஷன். அதன் ஆற்றல் பூஜ்யம். வரிசையில் இருந்த ஒவ்வொரு தீர்வுக்கும் 8 பை வர்க்கம் இருந்தது, எல்லைக்கு ஒன்றுமில்லை. அத்தனையும் ஒரே புள்ளியில் ஒடுங்கித் தொலைந்துவிட்டது. நாற்பரிமாணக் கோளத்தின் மேல், கே ஒன்றாக இருக்கும்போது, மாடுலை வெளி ஓர் ஐந்து பரிமாணத் திறந்த பந்து. மையத்தைக் குறிக்க நான்கு எண்கள், லாம்டாவுக்கு ஒன்று. திறந்த பந்து என்பதால் விளிம்பு அதில் சேரவில்லை. அதாவது அது காம்பாக்ட் இல்லை.

பரிமாணம் இரண்டோ மூன்றோ என்றால் புலத்தை இப்படிச் சுருக்க முயலும்போது ஆற்றல் எகிறிவிடும், ஆகவே அது சுருங்காது. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் சுருங்கச் சுருங்க ஆற்றல் குறையும். நான்கில் மட்டும் சுருங்குவதற்குக் கூலியும் இல்லை, தண்டமும் இல்லை. நான் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு சமநிலையின் மேல்தான் நின்றிருக்கிறது.

இந்த ஒடுங்கலை அடக்கியவர் கேரன் உலன்பெக். 1981-இல் ஜோனதன் சாக்ஸுடன் சேர்ந்து சிறுமப் பரப்புகளில் இதே மாதிரியான ஒடுங்கலை, நாங்கள் பபிளிங் என்று சொல்வதை, அவர் ஏற்கெனவே கையாண்டிருந்தார். 1982-இல் 'கம்யூனிகேஷன்ஸ் இன் மேத்தமேட்டிக்கல் ஃபிசிக்ஸ்' இதழின் 83-ஆம் தொகுதியில் அவருடைய இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாவது கட்டுரை பன்னிரண்டே பக்கம். எங்கள் துறையில் அதைவிட அதிகமாக நகலெடுக்கப்பட்ட பன்னிரண்டு பக்கங்கள் இருக்குமா என்பது சந்தேகம். என்னிடம் இருந்த நகலின் ஓரங்களில் இடமே மிச்சமில்லை. 2019-இல் அவருக்கு ஆபெல் பரிசு கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். செய்தித்தாள்கள் "முதல் பெண்" என்பதோடு நிறுத்திக்கொண்டன. அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுத யாருக்கும் இடமில்லை போலிருக்கிறது.

இருந்தது இதுதான். ஒரு பந்துக்குள் வளைவின் ஆற்றல் எப்சிலான் என்ற ஒரு சிறிய மாறிலிக்குக் கீழே இருந்தால், அந்தப் பந்துக்குள் ஒரு நல்ல கேஜ் உண்டு. அந்தக் கேஜில் பார்த்தால் கனெக்‌ஷனும் அதன் முதல் வகைக்கெழுவும் வளைவின் பிடிக்குள் அடங்கும். நல்ல கேஜ் என்றால் கூலோம் கேஜ். மின்காந்தவியல் படித்தவர்களுக்குப் பழகிய அதே நிபந்தனைதான்.

சிறிய மாறிலி எதற்கு என்று கேட்கலாம். எல்லாக் கனெக்‌ஷன்களுக்கும் ஒரே சீராக இந்தக் கேஜைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று 1978-இல் கிரிபோவ் காட்டினார். அது முயற்சிக் குறைவால் வந்த தடை இல்லை, இடவியலே போட்ட தடை என்று அதே ஆண்டு சிங்கர் நிறுவினார். அடுத்த ஆண்டு எம். எஸ். நரசிம்மனும் டி. ஆர். ராமதாஸும் எஸ்யூ(2)-வுக்கு இதன் வடிவியலை விரிவாக எழுதினார்கள். எனவே எல்லாக் கனெக்‌ஷன்களுக்கும் ஆசைப்பட முடியாது. ஆற்றல் குறைவாக உள்ள சிறு சிறு பந்துகளில்தான் பிடி கிடைக்கும்.

நிரூபணத்தை வகுப்பில் நடத்தும்போது நான் வேண்டுமென்றே நிதானமாகப் போகும் ஓர் இடம் உண்டு. நான்கு பரிமாணத்தில் ஒரு சார்பையும் அதன் முதல் வகைக்கெழுவையும் வர்க்கித்துத் தொகையிட முடியும் என்றால், அந்தச் சார்பை நான்காம் அடுக்குக்கு உயர்த்தியும் தொகையிட முடியும். அதற்கு மேல் ஓர் இம்மிகூடக் கிடையாது. வளைவைக் கனெக்‌ஷனால் எழுதினால் ஒரு வகைக்கெழு வரும், கூடவே கனெக்‌ஷனின் வர்க்கம் வரும். நான்காம் அடுக்கில் தொகையிட முடிந்ததை வர்க்கித்தால் இரண்டாம் அடுக்கில் தொகையிட முடியும். வளைவு இருப்பதும் அதே இடத்தில்தான். கதவும் நிலையும் அச்சாகப் பொருந்திவிட்டன, ஆனால் நடுவே காற்றுப் புக இடமில்லை. வேறு பரிமாணமாக இருந்தால் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் தாராளம் இருக்கும், இங்கே இல்லை. போதாக்குறைக்கு, இதே விளிம்பில் கேஜ் மாற்றங்கள்கூடத் தொடர்ச்சியை இழந்துவிடலாம்.

தாராளம் இல்லாத இடத்தில் உலன்பெக் செய்தது இது. கனெக்‌ஷனின் அளவை எக்ஸ் என்று வையுங்கள். கூலோம் கேஜில் ஓர் அசமன்பாடு கிடைக்கிறது: எக்ஸ் எவ்வளவு பெரிதானாலும், எப்சிலானை ஒட்டிய ஒரு சிறு எண்ணோடு எக்ஸ் வர்க்கத்தின் ஒரு மாறிலி மடங்கைக் கூட்டினால் வருவதைத் தாண்டாது. வரைபடம் போட்டுப் பார்த்தால் எக்ஸ் மிகச் சிறியதாக இருக்கலாம், அல்லது பெரிதாக இருக்கலாம், நடுவே ஓர் இடைவெளி தடைசெய்யப்பட்டிருக்கிறது. இந்த அசமன்பாட்டால் மட்டும் எக்ஸ் சிறியது என்று சொல்ல முடியாது. அதனால் பந்தைச் சுருக்கி, கனெக்‌ஷனைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். மிகச் சிறிய பந்தில் அது ஏறத்தாழப் பூஜ்யம். அங்கிருந்து மெல்ல மெல்ல முழுப் பந்து வரை வருகிறோம். வழி நெடுக ஆற்றல் எப்சிலானைத் தாண்டுவதில்லை, எக்ஸ் தொடர்ச்சியாக மாறுகிறது. பூஜ்யத்தில் புறப்பட்டது, இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. எனவே கடைசிவரை சிறியதாகவே இருக்கும். இதைப் பலகையில் எழுதி முடிக்கும்போது முன்வரிசையில் யாராவது ஒருவர் முகத்தில் வெளிச்சம் வரும். அந்த ஒருவருக்காகத்தான் அத்தனை நிதானம்.

பிடி கிடைத்துவிட்டால் மீதி ஒழுங்கு தானாக வந்துவிடும். கூலோம் நிபந்தனையும் எங்கள் சமன்பாடும் சேர்ந்தால் எலிப்டிக் அமைப்பு உருவாகிறது. அப்படிப்பட்ட அமைப்பில் வலப்பக்கம் எவ்வளவு நல்லதோ, தீர்வு அதைவிட ஒரு வகைக்கெழு கூடுதல் நல்லது. கூடுதலாகக் கிடைத்ததை வலப்பக்கத்தில் மீண்டும் செலுத்தினால் இன்னொன்று கிடைக்கும். முதல் படியில் மட்டும் ஆதாயம் எதுவும் வராது. அங்கே ஆற்றலின் சிறுமையை வைத்து வர்க்க உறுப்பை இடப்பக்கத்துக்குள் விழுங்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தி. ஆய்வுக் கட்டுரைகளில் "வழக்கமான முறையில்" என்று மூன்று சொல். மதிப்பீட்டுக்காக ஒரு கட்டுரை என்னிடம் வந்தால் நான் முதலில் தேடுவது அந்த மூன்று சொல்லைத்தான். முதல் படி பேசப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இப்போது தீர்வுகளின் வரிசைக்கு வருவோம். மொத்த ஆற்றல் எல்லாத் தீர்வுகளுக்கும் ஒன்றேதான். எனவே சிறு பந்துகளில் எப்சிலானுக்கு மேல் ஆற்றல் குவிந்து நிற்கக்கூடிய புள்ளிகள் ஒரு சிலவே. அவற்றை விலக்கிவிட்டால் மற்ற எல்லா இடத்திலும் உலன்பெக்கின் கேஜ் உண்டு, ஓர் உள்வரிசை ஒருங்குகிறது. கிடைக்கும் எல்லையோ அந்தப் புள்ளிகளில் ஓட்டை விழுந்த வெளியில் உள்ள தீர்வு. ஆற்றல் முடிவுள்ளதாக இருந்தால் அந்த ஓட்டைகளைத் தையல் தெரியாமல் மூடிவிடலாம் என்பது 83-ஆம் தொகுதியில் வந்த இரண்டில் முதல் கட்டுரை. மூடிய பிறகு வருவது கே குறைந்துபோன ஓர் இன்ஸ்டன்டான். ஓட்டை விழுந்த ஒவ்வொரு புள்ளியிலும் தொலைந்தது 8 பை வர்க்கத்தின் முழு எண் மடங்கு.

"சார், எப்சிலானோட மதிப்பு எவ்வளவு?" என்று எல்லா ஆண்டும் ஒரு மாணவர் கேட்பார். எனக்குப் பிடித்த கேள்வி அது. அதன் மதிப்பு யாருக்கும் தேவைப்படுவதில்லை. எப்சிலான் என்பது கதவைத் திறக்க மட்டும். உள்ளே போனதும் இழப்பு அரையும் காலுமாக வருவதில்லை, முழு எண்ணாக வருகிறது. பகுப்பாய்வில் தொடங்கிய கணக்கு இடவியலில் முடிகிறது. எனவே எல்லைகளையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி பிறக்கிறது: குறைந்த கே கொண்ட ஓர் இன்ஸ்டன்டான், கூடவே ஆற்றல் தொலைந்த புள்ளிகளின் பட்டியல். இந்த ஜோடிகளையும் சேர்த்தால் மாடுலை வெளி காம்பாக்ட் ஆகிவிடும். பரிமாணக் கணக்கும் சாதகமாக விழுகிறது. கே ஒன்று குறைந்தால் 8 பரிமாணம் போகும், தொலைந்த புள்ளி எங்கே என்று குறிக்க 4 திரும்பி வரும். நிகரக் குறைவு 4. டொனால்ட்சனின் பல்லுறுப்புக் கோவை மாற்றமிலிகள் இந்த 4-ஐ நம்பித்தான் எழுதப்பட்டவை.

சைமன் டொனால்ட்சன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோதே இதில் கை வைத்தார். 1983-இல் வெளியான அவருடைய கட்டுரையில், காம்பாக்ட் இல்லாத அந்த ஓரம்தான் கதாநாயகன். எளிய தொடர்புடைய ஒரு நாற்பரிமாண மேனிஃபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிடக்கும் பரப்புகள் ஒன்றையொன்று எத்தனை தடவை வெட்டுகின்றன என்று எண்ணி ஓர் அணி எழுதலாம். அந்த அணி எதிர்மறைத் திட்டமானது, கே ஒன்று என்று வைத்தால் மாடுலை வெளியின் பரிமாணம் 5. மெட்ரிக்கைச் சற்றே அசைத்துப் பொதுவானதாக ஆக்கினால், குறைவுபட்ட சில கனெக்‌ஷன்களைத் தவிர மற்ற இடமெல்லாம் அது ஒழுங்கான மேனிஃபோல்டு. இதைச் சீராக நிறுவி எழுதியது டேனியல் ஃப்ரீடும் உலன்பெக்கும் 1984-இல் வெளியிட்ட புத்தகம். நான் மாணவனாக இருந்தபோது டொனால்ட்சன்–க்ரோன்ஹைமர் புத்தகம் வரவில்லை, அது 1990-இல் வந்தது. ஃப்ரீட்–உலன்பெக்தான் எங்களுக்கு எல்லாம். விலக்கப்பட்ட அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெளி ஒரு கூம்பு, அடித்தளம் சிக்கலெண் வீழ்த்தல் தளம். வெளியின் மறுமுனையில் லாம்டா பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. அங்கே எல்லா இன்ஸ்டன்டான்களும் ஏதாவது ஒரு புள்ளியில் ஒடுங்குகின்றன. எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் ஒடுங்கலாம். எனவே அந்த ஓரம் நாம் எடுத்துக்கொண்ட மேனிஃபோல்டின் நகலே. அப்படிக் குட்டி இன்ஸ்டன்டான்களை ஒட்டவைத்து உண்மையான தீர்வு செய்ய முடியும் என்பதை டவ்ப்ஸ் 1982-இல் காட்டியிருந்தார்.

ஆக, ஒரு முனையில் நம் மேனிஃபோல்டு, மறுமுனையில் சில வீழ்த்தல் தளங்கள், நடுவே ஐந்து பரிமாணப் பாலம். பாலம் இருந்தால் இரு முனைகளின் சிக்னேச்சரும் சமமாக வேண்டும். அந்தச் சமன் கைகொடுத்தால், அணியை மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் உள்ள வடிவுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். ஃப்ரீட்மன் 1982-இல் எல்லா வகை அணிக்கும் இடவியல் மேனிஃபோல்டு உண்டு என்று காட்டியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், வகையிடலுக்கு இடமே தராத மேனிஃபோல்டுகள் குவிகின்றன. ஈ-8 அணியை மட்டும் எடுத்தால் அது ரோக்லினின் 1952 தேற்றத்திலேயே அடிபட்டுவிடும். இரண்டு ஈ-8 சேர்ந்தது ரோக்லினிடம் தப்பித்து டொனால்ட்சனிடம் மாட்டுகிறது. 1986-இல் டொனால்ட்சன், ஃப்ரீட்மன் இருவருக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம். இத்தனைக்கும் மூலதனம், தீர்வுகள் தொலையும் ஓர் ஓரம். முதலிலேயே மாடுலை வெளி காம்பாக்டாக இருந்திருந்தால் அந்த ஓரமே இருந்திருக்காது, தேற்றமும் இருந்திருக்காது.

டொனால்ட்சன் அதே 1983-இல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்துக்குப் புது நிரூபணம் அது. நரசிம்மன் வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்தவர், சி. எஸ். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில். இருவரும் 1932-இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர்கள். ரீமான் பரப்பின் மேல் உள்ள நிலையான பண்டில்களுக்கும் யூனிட்டரி உருவகிப்புகளுக்கும் உள்ள பொருத்தத்தை 1965-இல் நிறுவினார்கள். டொனால்ட்சன் அதையே ஒரு சிறுமப்படுத்தல் கணக்காக மாற்றினார். வளைவைக் குறைத்துக்கொண்டே போகும் வரிசை ஒன்றை எடுத்து, உலன்பெக்கின் தேற்றத்தால் எல்லை காண்கிறார். இரண்டு பரிமாணம் என்பதால் ஆற்றல் எங்கும் ஒடுங்குவதில்லை. ஆனால் எல்லை வேறொரு பண்டிலாக மாறிவிடலாம். மாறினால் நிலைத்தன்மை உடைகிறது, உடையாது என்பது கருதுகோள். உலன்பெக்கை முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்கு நான் நான்கு பரிமாணத்தைத் தொடாமல் இந்தக் கட்டுரையைத்தான் முதலில் கொடுப்பேன். ஒடுங்கல் இல்லாத இடத்தில் பழகிவிட்டு வரட்டும்.

1994-இன் கடைசி மாதங்களில் சைபர்க்–விட்டன் சமன்பாடுகள் வந்தன. அங்கே குலம் பரிமாற்று விதிக்கு அடங்கியது. ஒரு புள்ளிவாரி மதிப்பீடு போட்டால், புலம் எந்தப் புள்ளியிலும் வெளியின் ஸ்கேலார் வளைவு விதிக்கும் வரம்பை மீற முடியாது என்று தெரிந்துவிடும். காம்பாக்ட் தன்மை ஒரு பக்கத்தில் முடிந்தது. பபிளிங்கே இல்லை. ஒரு பருவம் முழுக்க நாங்கள் உழைத்துக் கற்றது தேவையில்லை என்றாகிவிட்டதே என்று சிலர் துறையை விட்டே போனார்கள். எனக்கு மகிழ்ச்சியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நான் போகவில்லை, காரணம் பிடிவாதம்தான். பின்னாளில் பெரிய குலங்களுக்காக க்ரோன்ஹைமர் சமன்பாட்டையே சற்று அசைத்து வேலை செய்தபோது, அந்த அசைவு ஓர் இடத்தில் நடப்பது தொலைவிலும் தெரிகிற வகையைச் சேர்ந்ததாக இருந்தது. எல்லை எவ்வளவு ஒழுங்கோடு வரும் என்பதை மறுபடி அடியிலிருந்து எழுத வேண்டியிருந்தது. பழைய பன்னிரண்டு பக்கத்தை அப்போது மீண்டும் எடுத்தேன்.

2013-இல் டவ்ப்ஸ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தலைப்பே உலன்பெக்குக்கு வணக்கம் சொல்வதுபோல இருக்கும். குலம் காம்பாக்ட் இல்லாதபோது என்ன ஆகும் என்பது கேள்வி. கனெக்‌ஷனோடு கூடவே இன்னொரு புலம் வருகிறது, அதன் அளவுக்கு மேல்வரம்பு இல்லை. வரம்பு இருக்கும்வரை உலன்பெக் போதும். இல்லாதபோது புலத்தை அதன் அளவாலேயே வகுத்து எல்லை எடுக்கிறார். கிடைப்பது குறி நிச்சயமில்லாத, இரட்டை மதிப்புள்ள ஒரு ஹார்மோனிக் வடிவம். கோளாறு நடக்கும் இடமும் இனி ஒரு சில புள்ளிகள் இல்லை, வெளியைவிட இரண்டு பரிமாணம் குறைந்த ஒரு கணம். முழு எண்கள் இல்லை, 8 பை வர்க்கமும் இல்லை. அந்தக் கணம் எவ்வளவு சீரானது என்று தெரிந்துகொள்ள, அல்ம்க்ரென் சிறுமப் பரப்புகளுக்காக உருவாக்கிய அலைவெண் சார்பு வேண்டியிருக்கிறது. அதை நான் மாணவப் பருவத்தில் படித்ததில்லை, இப்போது என் மாணவி ஒருத்தியோடு சேர்ந்து படிக்கிறேன். அடுத்த பருவத்துக் கருத்தரங்கில் உலன்பெக் கேஜை முதல் சில வாரங்களில் முடித்துவிட்டு நேரே அல்ம்க்ரெனுக்குப் போவதாகத் திட்டம். முதல் பேச்சு அவளுடையது.